குழந்தைகளோடு சிங்கப்பூர்: ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக்காரர்களுக்குத் திருவண்ணாமலை என்றதும் கிரிவலம் நினைவுக்கு வராது. ஊருக்குச் சற்று வெளியே, குன்றின்மேல் இருக்கும் சீனிவாசப் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். தென்திருப்பதி என்று அழைக்கப்படும் இந்தக் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அள்ளும். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களைக் கவனித்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுவார்கள். பையில் தண்ணீர், பிஸ்கட், மாற்றுத் துணி இருக்கும். பாட்டிக்கு மூட்டு வலி என்றால் கீழேயே நிழலில் உட்கார வைத்துவிடுவார்கள். கும்பிட்டு இறங்கியதும், "அப்படியே ஆண்டாள் கோயில், அய்யனார் கோயில் அருவி எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சிடுவோம்" என்று யாரும் கிளம்புவதில்லை. பிள்ளை அதற்குள் தோளில் தூங்கிப்போயிருக்கும்.

இதே குடும்பம் பல மாதம் சேமித்து சிங்கப்பூர் கிளம்பும்போது என்ன நடக்கிறது? வாட்ஸ்அப்பில் ஒரு பேக்கேஜ் வருகிறது. காலை 8 மணிக்கு பிக்கப், மெர்லயன், சைனாடவுன், மதியம் செந்தோசா, கேபிள் கார், இரவு லைட் ஷோ. எல்லாம் ஒரே நாளில். "இவ்ளோ இடமா, சூப்பர்!" என்று அட்வான்ஸ் போட்டுவிடுகிறோம். ஊர்த் திருவிழாவுக்குக் குழந்தையைக் கூட்டிப்போகும்போது இருக்கிற அனுபவ அறிவு, விமானம் என்றதும் எங்கே போய்விடுகிறது?

குழந்தைகளோடு ஒரு வெளிநாட்டுப் பெருநகருக்குப் போனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம்தான் பார்க்க வேண்டும். மீதி நேரம் காலியாகவே இருக்கட்டும். இது சோம்பேறித்தனம் கிடையாது. கொடுத்த காசுக்கு உண்மையான பலன் கிடைக்க இதுதான் வழி. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வெளிநாடாக அமைவது சிங்கப்பூர் என்பதால், அதையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

'5 நாள், 4 இரவு' - உண்மையில் எத்தனை நாள்?

ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் போக இரண்டு மணி நேரம் ஆகும். திருச்சி என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாடியே போக வேண்டும். பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி. இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, ஹோட்டலுக்குப் போவது. ஆக, வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் அறைக்குப் போய்ச் சேர 12 மணி நேரம் ஆகிவிடும். திரும்பி வருவதும் இதே கணக்கு. ஐந்து நாளில் இரண்டு நாள் இப்படிப் போய்விட்டால், கையில் மிஞ்சுவது மூன்று முழு நாள்தான். அந்த மூன்று நாளில் 15 இடம் பார்ப்பது என்றால், பஸ்ஸில் ஏறி இறங்குவதைத்தான் பார்க்க முடியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 8 மணி பிக்கப் என்றால், பிள்ளையின் உடம்புக்கு அது விடிகாலை 5.30. அதற்குமுன் எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைக்க வேண்டும். நம் வீட்டில் ஸ்கூலுக்கே அந்த நேரத்தில் எழுப்ப மாட்டோம். ஆனால் சாயங்காலம் இதே வித்தியாசம் நமக்குச் சாதகம். அங்கே இரவு 7.45 என்றால் இங்கே மாலை 5.15. பிள்ளைகள் முழு உற்சாகத்தில் இருக்கும் நேரம். அதனால் காலையை மெதுவாகத் தொடங்கி, இரவைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். பல பேக்கேஜ்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

ஒரு மாதிரித் திட்டம். உங்கள் பிள்ளையின் வயதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும் நாள்: எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் சாயங்காலம் செராங்கூன் சாலையில் ஒரு நடை போதும். நம்ம ஊர் குன்றில் இருக்கும் அதே பெயரில், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் அங்கேயும் இருக்கிறது. தைப்பூசக் காவடி ஊர்வலம் கிளம்புவது இங்கிருந்துதான். புது நாட்டில் முதல் நாளே தெரிந்த மொழியில் பெயர்ப் பலகை படிக்கிற பிள்ளைக்குப் பயம் பாதி போய்விடும். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.

முதல் முழு நாள்: மண்டாய் உயிரியல் பூங்கா மட்டும். 1973-ல் திறக்கப்பட்டது. கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து, அகழிகளாலும் மரங்களாலும் எல்லை பிரித்திருப்பார்கள். பக்கத்திலேயே நைட் சஃபாரி இருக்கிறது. பேக்கேஜ்காரர்கள் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துவிடுவார்கள். 8 வயதுக்கு மேல் என்றால் சரி. அதற்குக் கீழே என்றால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் நாள்: செலவில்லாத நாள். காலையில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா. 2015-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான இடம், நுழைவு இலவசம். அதற்குள்ளேயே ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. இங்கே பெரியவர்கள் குழந்தை இல்லாமல் உள்ளே போக முடியாது! மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். சாயங்காலம் கார்டன்ஸ் பை தி பே. அங்கே உள்ள சிறுவர் தோட்டத்தில் தண்ணீர் விளையாட்டு இலவசம். சூப்பர்ட்ரீ லைட் ஷோ இரவு 7.45, 8.45 என இரண்டு காட்சிகள், அதுவும் இலவசம். கண்ணாடிக் குவிமாடங்களுக்கு டிக்கெட் உண்டு. ஒரே எச்சரிக்கை: இந்த இரண்டு சிறுவர் தோட்டங்களும் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மூன்றாம் நாள்: செந்தோசா. இங்கேதான் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். டிக்கெட் வாங்குமுன் வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தை அளந்துவிடுங்கள். பெரிய சவாரிகள் பலவற்றுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய், வாசலில் அளவுகோல் பக்கத்தில் நிறுத்தி, "நீ ஏற முடியாதுடா கண்ணா" என்று சொல்ல வைப்பதற்கா அவ்வளவு காசு? சின்னப் பிள்ளை என்றால் செந்தோசா கடற்கரையில் ஒரு வாளியும் மணலும் போதும்.

கிளம்பும் நாள்: விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போனால், சாங்கியில் ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயர அருவியைப் பார்க்கலாம். கட்டணம் இல்லை.

'இவ்ளோ செலவு பண்ணிப் போய் கம்மியா பார்த்துட்டு வரதா?'

நியாயமான கேள்விதான். மறுபடி எப்போது போவோம் என்று தெரியாத குடும்பத்துக்கு, விட்டுப்போன ஒவ்வோர் இடமும் நஷ்டமாகத் தோன்றும். "பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தாங்களே, நாம பார்க்கலையே" என்கிற உறுத்தலும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றை விட்டுவிடுகிறோம். டிக்கெட் வாங்கிய இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால், அந்த டிக்கெட்டும் நஷ்டம்தான். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கைடு "ஃபைவ் மினிட்ஸ், ஃபைவ் மினிட்ஸ்" என்று விரட்ட, எடுத்த போட்டோவில் மட்டும் எல்லோரும் சிரித்தால் போதுமா? எப்போதும் வேலை, போன், மீட்டிங் என்று இருக்கிற அப்பா அம்மாவை மூன்று நாள் முழுசாகக் கையில் வைத்திருப்பதுதான் பிள்ளைக்குப் பெரிய அட்ராக்‌ஷன். பேக்கேஜ் அட்டவணையில் முதலில் பறிபோவதும் அந்த நேரம்தான்.

'சின்னப் பிள்ளைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, எதுக்கு வெளிநாடு?' என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று வயதில் பார்த்தது பத்து வயதில் நினைவில் இருக்காது என்பது உண்மைதான். ஆகவே சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள், 'இது எங்களுக்கான பயணம், குழந்தையும் வருகிறது' என்று ஒத்துக்கொண்டு திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது. பிள்ளைக்காகத்தான் என்றால், பள்ளிக்குப் போகும் வயது வரை காத்திருக்கலாம். எப்படி இருந்தாலும், இதற்காக இஎம்ஐ போட்டுக் கடன் வாங்க வேண்டாம். சுற்றுலா முடிந்த பிறகும் மாதாமாதம் கட்டுகிற காசு வீட்டில் சண்டையாகத்தான் வந்து நிற்கும்.

எப்போது போவது?

நம்ம ஊர்ப் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து டிக்கெட் போடக் கூடாது. அந்த ஊர் காலண்டரையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்திலும், நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரையும் நீண்ட விடுமுறை. அப்போது எல்லா இடத்திலும் உள்ளூர்க் கூட்டம் இருக்கும். நமக்கு மே மாதம் முழுக்க லீவு என்பதால், அதன் முதல் மூன்று வாரங்கள் வசதி. அரையாண்டு விடுமுறையில் போனால் வடகிழக்குப் பருவமழை அங்கேயும் பெய்யும். காலாண்டு விடுமுறையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: செப்டம்பர் பின்பாதி, அக்டோபர் முன்பாதியில் ஏதாவது ஒரு வாரம் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும். அந்த வாரம் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். தேதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய தேதி: பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாள். இரண்டு வயது முடிந்துவிட்டால் விமானத்தில் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் குறைந்த கட்டணம் அதோடு முடிந்தது. திரும்பி வரும் தேதியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

டிக்கெட்டிலிருந்து இல்லை, பிறப்புச் சான்றிதழிலிருந்து. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். பல வீடுகளில் அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயரே சேர்த்திருக்க மாட்டார்கள். முதலில் அதைச் சேர்க்க வேண்டும். அதில் உள்ள அப்பா, அம்மா பெயரின் ஆங்கில எழுத்துகளும் உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டியிருக்கும். நம்ம ஊர் 'இனிஷியல்' பழக்கம் பாஸ்போர்ட்டில் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும்.

விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகள் அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயணத்தின்போது குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா. அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 சிங்கப்பூர் டாலர். ஒரு டாலரை 70 ரூபாய் என்று வைத்தால் நான்கு பேருக்குச் சுமார் 8,400 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பித்தால் அவரது சேவைக் கட்டணம் தனி. எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது தவிர, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற வெப்சைட் வந்தால் மூடிவிடுங்கள்.

தங்குவது, சுற்றுவது, சாப்பிடுவது

சிங்கப்பூர் ஹோட்டல் அறைகள் சின்னவை. 'இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை' என்று வயதோடு குறிப்பிட்டு புக் செய்யுங்கள். நம்ம ஊர் மாதிரி ரிசப்ஷனில் பேசி எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கொள்ளலாம் என்று போனால் மாட்டிக்கொள்வீர்கள். மலிவாக வீடு கிடைக்கிறது என்று ஆன்லைனில் வரும் விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம் என்பது சட்டம்.

சுற்றுவதற்கு எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் போதும். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, பெரியவரோடு வந்தால், டிக்கெட் கிடையாது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு, தள்ளுவண்டியோடு போகலாம். ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 டாலர் வரை போகும். பிஸ்கட் பாக்கெட்டை இறங்கிய பிறகு பிரியுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு ஆப்பில் புக் செய்யும் தனியார் கார்களில் சைல்டு சீட் கட்டாயம். வழக்கமான டாக்ஸிகளுக்கு இதில் விலக்கு உண்டு.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். தேக்கா சென்டரில் இட்லி, தோசை கிடைக்கும். செராங்கூன் சாலையில் 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப்போங்கள். ஹாக்கர் சென்டரில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

தாத்தா, பாட்டியும் வருகிறார்களா?

அப்படியென்றால் திட்டத்தை இன்னும் பாதியாக்குங்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு, அதே அட்டையில் எடுத்துப்போக வேண்டும். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம். அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பாட்டி அரைத்துக் கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, துபாயில் தடையே இருக்கிறது. பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். வெளிநாட்டவருக்கு அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவே மொத்த டூர் பட்ஜெட்டைத் தாண்டிவிடலாம். ஆம்புலன்ஸுக்கு 995 என்பதைப் போனில் சேமித்து வையுங்கள்.

'அங்க சித்தப்பா வீடு இருக்கே' என்றால் ஹோட்டல் செலவு மிச்சம்தான். ஆனால் இரண்டு பெட்ரூம் அடுக்குமாடி வீட்டில் இரண்டு குடும்பம். அவர்களுக்கு வேலை, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி. இரண்டு இரவு தங்கிவிட்டு மீதியை ஹோட்டலுக்கு மாற்றினால் உறவும் நிலைக்கும். சித்தி லீவு போட்டுச் சமைத்துப் போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்போ பேக்கேஜே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு, ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கு ஓர் ஏஜென்ட் தெம்பு. விமானம், விசா, ஹோட்டல் மூன்றையும் அவரிடம் விட்டுவிட்டு, ஊர் சுற்றுவதை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பேக்கேஜ்தான் என்றால் நான்கு கேள்விகள் கேளுங்கள். காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம்? பிள்ளைக்கு முடியாவிட்டால் பாதியில் ஹோட்டலுக்கு எப்படித் திரும்புவது? ஒரு நாளை முழுக்கக் காலியாக விட்டால் விலை குறையுமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பேக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்ற வரியையும் சேர்த்து வாங்குவார்கள். அதன் விகிதம் அடிக்கடி மாறியிருக்கிறது, பணம் கட்டும் நாளில் என்ன விகிதம் என்று கேளுங்கள். அது போன காசு இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதற்காக வீட்டில் வரி கட்டுகிறவரின் பான் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டுவது நல்லது.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. ஒன்று, பீரோவைத் திறந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயரும் எழுத்துகளும் சரியா என்று பார்ப்பது. இரண்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த இடங்களின் வீடியோவைக் காட்டி, "உனக்கு எது ஒண்ணு வேணும்?" என்று கேட்பது. அது கைகாட்டும் இடத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்குங்கள். ஏஜென்டுக்குப் போன் போடுவது அதற்கு அப்புறம்.